ஓட்டுநருக்கு அபராதம் இருக்கட்டும், நோயாளிக்குத் தாமதம் எதற்கு?

காரைக்காலில் ஒரு நோயாளியின் நிலைமை உள்ளூர் மருத்துவமனையின் கையை மீறினால், அவரை ஏற்றிய வண்டி மாநில எல்லையையும் மீறியாக வேண்டும். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் மக்கள், கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு என்பது இந்த மாவட்டத்தின் அமைப்பு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊரின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. எல்லைக்கோடு மட்டும் பழைய கோடாகவே நின்றுவிட்டது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், மேற்கே போனால் திருவாரூர்ச் சீமை. உயர் சிகிச்சைக்கு ‘ரெஃபர்’ செய்யப்படும் நோயாளி நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று எங்கே போனாலும் வேறொரு மாநிலக் காவல்துறையின் சாலையில்தான் போகிறார். தன் சொந்த அரசின் தலைநகரான புதுச்சேரியில் உள்ள ஜிப்மருக்குப் போக வேண்டுமானாலும் சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடி வெளியேற வேண்டும்.

இந்தச் சாலைகளில் வண்டியை நிறுத்திச் சோதிப்பதற்குக் காவல்துறைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் எல்லையைத் தாண்டிப் பாட்டில்களும் சாராயமும் கடத்தப்படுகின்றன. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் தமிழகக் காவலர்கள் நண்டலாறு, வாஞ்சூர் போன்ற இடங்களில் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். வேகக் கட்டுப்பாடு, ஹெல்மெட், குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவற்றுக்கான வழக்கமான சோதனைகளும் இரண்டு பக்கமும் நடக்கின்றன. ஆகவே இங்கே எழும் கேள்வி காவல்துறை வண்டியை நிறுத்தலாமா கூடாதா என்பதல்ல. உள்ளே மூச்சுத் திணறும் தகப்பனாரோ, பிரசவ வலியில் துடிக்கும் மகளோ, பாம்பு தீண்டிய பிள்ளையோ இருக்கும் வண்டியை நிறுத்திய பிறகு அடுத்த ஐந்து நிமிடம் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. விதியை மீறியதற்கான தண்டனை ஓட்டியவரைச் சேரட்டும்; அதைச் செலுத்தும் பொறுப்பு நோயாளியின் தலையில் நிமிடங்களாக விழக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து வைக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது. இல்லாதது எழுதிவைத்த நடைமுறை. இரண்டு காவல்துறைகளுக்கு நடுவில் சிக்கிய காரைக்காலுக்கு அந்த நடைமுறை மற்ற ஊர்களைவிட அவசரமாகத் தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் எங்கே நிற்கிறது

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அவசரத்தை அறியாத சட்டமல்ல. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கு வழிவிடாதவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்த 194இ பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தச் சலுகை சைரனும் சுழல்விளக்கும் உள்ள வண்டிக்குத்தான். தாயை ஏற்றிச் செல்லும் மகனின் கார், நோயாளியை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்துச் செல்லும் டூவீலர், ஊர்க்காரர்கள் கூப்பிட்ட ஷேர் ஆட்டோ ஆகியவை சட்டத்தின் கண்ணில் சாதாரண வண்டிகள். அதிவேகத்துக்கு 183-ஆம் பிரிவில் இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். ஆபத்தாக ஓட்டினால் 184-ஆம் பிரிவில் சிறைக்கும் இடமுண்டு. டூவீலரில் மூவர் போனால் அபராதத்தோடு லைசென்ஸும் மூன்று மாதம் போகும். ‘பொன்னான நேரம்’ என்ற கருத்தையும் அதே 2019 திருத்தம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதன் வரையறை காயத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரம் என்றே இருக்கிறது. சாலையில் அடிபட்டவருக்கு அந்த ஒரு மணி நேரம் உண்டு. வீட்டில் மாரடைப்பு வந்தவருக்குச் சட்டத்தில் அப்படி ஒரு மணி நேரம் இல்லை. விபத்தில் சிக்கியவரைத் தூக்கிச் செல்லும் வழிப்போக்கருக்கு 134ஏ பிரிவு தரும் பாதுகாப்பும் சொந்த அப்பாவைத் தூக்கிச் செல்லும் மகனுக்குப் பொருந்துவதில்லை.

குற்றவியல் சட்டத்தில் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவாக இருப்பது, ஒரு பெரிய கேட்டைத் தடுக்க, கெட்ட எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்த செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் போன்ற தனிச் சட்டங்களின் குற்றங்களுக்கும் இந்தப் பொது விதிவிலக்குகள் பொருந்தும். தடுக்க நினைத்த கேடு அவ்வளவு பெரியதா, அவ்வளவு உடனடியானதா, அதற்காக எடுத்த ஆபத்து தகுமா என்பதை நீதிமன்றம் உண்மைகளைக் கொண்டு தீர்மானிக்கும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இங்கிலாந்து நீதிமன்றங்களும் 1980-களின் பிற்பகுதியில் இதற்கு ஒத்த ஒரு கோட்பாட்டை வாகன வழக்குகளில் வளர்த்தன: சூழ்நிலையின் நிர்ப்பந்தத்தால், உயிருக்கோ உடலுக்கோ வரும் பெருங்கேட்டைத் தவிர்க்க, நியாயமான அளவில் நடந்துகொண்டால் அது எதிர்வாதமாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் இந்த வாசல் நீதிமன்றத்தில்தான் திறக்கிறது; வாஞ்சூர் செக்போஸ்ட்டில் இரவு இரண்டு மணிக்கு அல்ல. மாதங்கள் கழித்து விடுதலை கிடைப்பது ஓட்டியவருக்கு ஆறுதலாக இருக்கலாம். அதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்திருந்தால் அந்தத் தீர்ப்பு யாருக்கு?

உச்ச நீதிமன்றம் இதே கேள்வியின் மறுபக்கத்தை 1989-இலேயே சந்தித்தது. ஸ்கூட்டரில் சென்று விபத்தில் அடிபட்ட ஒருவரை, போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு அங்கீகாரம் இல்லை என்று ஒரு மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். அந்தச் செய்தியிலிருந்து பிறந்த பரமானந்த கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பதே முதல் கடமை என்றும், சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்றும் நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. 1996-இல் மேற்கு வங்கக் கேத் மஜ்தூர் சமிதி வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்றும் கூறியது. இந்த இரண்டு தீர்ப்புகளும் மருத்துவமனையின் வாசலைப் பற்றியவை. ஆனால் அவற்றின் தர்மம் வாசலோடு நிற்பதல்ல. மருத்துவர் ஒரு படிவத்துக்காக உயிரைக் காக்க வைக்கக் கூடாது என்றால், அதே அரசின் இன்னொரு ஊழியர் ஆர்.சி. புத்தகத்துக்காகக் காக்க வைப்பதும் கூடாது.

காக்க வைக்க வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை என்பதுதான் முக்கியம். சீருடையில் உள்ள காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று 130-ஆம் பிரிவு சொல்கிறது. கையில் இல்லாத ஆவணத்தைப் பிறகு சமர்ப்பிக்க மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதி 15 நாள் அவகாசம் தருகிறது. 2020 அக்டோபர் 1 முதல், மின்னணு முறையில் சரிபார்க்கக்கூடிய ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கவே கூடாது என்று விதி மாறிவிட்டது. வண்டி எண்ணைத் தட்டினாலே உரிமையாளர், காப்பீடு, தகுதிச் சான்று எல்லாம் கைபேசியில் வந்து நிற்கின்றன. இ-சலான் மறுநாள் அனுப்பினாலும் செல்லும். வண்டியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் தரும் 207-ஆம் பிரிவுகூட, சில குற்றங்களில் வண்டிக்குப் பதிலாகப் பதிவுச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கலாம் என்கிறது. ஒரு காலத்தில் வண்டியை விட்டால் ஆளும் போய்விடுவான் என்ற கவலைக்கு அர்த்தம் இருந்தது. இன்று வண்டியை விட்டாலும் வழக்கு போகாது. எனவே சாலையோரத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சட்டத்தின் தேவையல்ல, பழக்கத்தின் தேவை.

நிமிடங்களின் கணக்கு

அந்த நிமிடங்களின் விலை என்ன? மூளையில் பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை தொடங்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற கணக்கு சொல்கிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவியோ மின்னதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு ஒரு தாயை இரண்டு மணி நேரத்துக்குள் கொன்றுவிடும். நெல்வயல் சூழ்ந்த டெல்டாவில் நாகப்பாம்பும் கட்டுவிரியனும் தீண்டினால் விஷம் மூச்சுத் தசைகளை முடக்குவதற்குள் விஷமுறிவு மருந்து ஏற வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே அவசரம் இல்லை என்பதும் இந்தப் பட்டியலிலிருந்தே தெரிகிறது. சிலருக்கு மணிக்கணக்கு, சிலருக்கு நிமிடக்கணக்கு. ஆனால் யாருக்கு எது என்று சாலையோரத்தில் டார்ச் வெளிச்சத்தில் முடிவு செய்யக் காவலரால் முடியாது. அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. முடிவெடுக்க முடியாத இடத்தில் தாமதத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பான பக்கம்.

அதே கணக்கு ஓட்டுபவர்களுக்கும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறது. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 20 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். 80-இல் போனால் 15 நிமிடம். உயிரைப் பணயம் வைத்து மிச்சமாவது ஐந்தே நிமிடம். அதுவும் சாலை காலியாக இருந்தால். அரசலாற்றுப் பாலம், திருமலைராயன்பட்டினக் கடைத்தெரு, நாகூரின் நெரிசல் ஆகியவற்றைக் கடந்தால் அதில் பாதிகூட மிஞ்சாது. மறுபுறம், 60-லிருந்து 80-க்கு ஏறும்போது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவற்றில் பத்தில் ஏழு மரணங்களுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் பதிவாயின. அந்த ஆண்டில் மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. ஆகவே உறவினர்களுக்கு வேக வரம்பிலிருந்து பொதுவிலக்கு கொடுங்கள் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. பதற்றத்தில் ஓட்டுகிறவர், பயிற்சியில்லாதவர், கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் என்ற மூன்றும் ஒரே ஆளாக இருக்கும்போது சாலையில் நடக்கிறவர்களின் உயிரும் கணக்கில் வர வேண்டும். கேட்பது வேறு. வேகத்தால் மிச்சமாகும் ஐந்து நிமிடத்தைவிட ஒரு சோதனையில் வீணாகும் பத்துப் பதினைந்து நிமிடம் பெரியது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை காவலருக்கு வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தரும் கடமையும் அவருக்கு வேண்டும்.

மூன்று சம்பவங்கள்

நிறுத்தியது தவறா, நிறுத்திய பின் நடந்தது தவறா என்பதை உலகம் முழுக்க விவாதிக்க வைத்த சம்பவம் 2009 மார்ச் 18 நள்ளிரவுக்குப் பின் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரையன் மோட்ஸ், சாகும் தறுவாயில் இருந்த தன் மாமியாரைப் பார்க்க மனைவியோடு மருத்துவமனைக்கு விரைந்தார். நான்கு பக்க விளக்குகளையும் மின்ன விட்டபடி ஒரு சிவப்பு விளக்கைக் கடந்தார். டல்லாஸ் காவலர் ஒருவர் துரத்திவந்து மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்திலேயே துப்பாக்கியை உருவினார். மனைவி உள்ளே ஓடிவிட்டார். மோட்ஸ் சுமார் 13 நிமிடம் வெளியே நிறுத்திவைக்கப்பட்டார். மருத்துவமனை ஊழியர் வந்து சொல்லியும் அபராதச் சீட்டு எழுதும் வேலை நிற்கவில்லை. அவர் உள்ளே போனபோது மாமியார் இறந்துவிட்டிருந்தார். காவல் வண்டியின் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது; காவல்துறைத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், அபராதம் ரத்தானது, அந்தக் காவலர் பதவி விலகினார். சிவப்பு விளக்கைக் கடந்த வண்டியைத் துரத்தி நிறுத்தியதை அங்கே பெரும்பாலும் யாரும் குறை சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகும் நீண்ட 13 நிமிடங்களைத்தான் யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

நம் பக்கத்தில் 2018 மார்ச் 7 அன்று திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி அருகே நடந்தது மருத்துவ அவசரம் தொடர்பானதல்ல. ஆனால் அதன் பாடம் இங்கே நேராகப் பொருந்துகிறது. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியை ஆய்வாளர் துரத்திச் சென்று வண்டியை உதைக்க, கீழே விழுந்த மனைவி இறந்தார். ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டார்கள், ஆய்வாளர் கைதானார். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால் சில நூறு ரூபாய் அபராதத்தோடு முடிந்திருக்கும் விஷயம் ஓர் உயிரோடு முடிந்தது. நிற்காமல் போகும் வண்டிக்குள் பயமும் இருக்கலாம், நோயாளியும் இருக்கலாம். வண்டி எண் கையில் இருக்கும்போது ஒரு சிறு குற்றத்துக்காகத் துரத்துவது எந்தக் கணக்கிலும் சரியல்ல.

மூன்றாவது சம்பவம்தான் காரைக்காலின் அமைப்புக்கு மிக நெருக்கமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கர்நாடக அரசு கேரள எல்லைச் சாலைகளை மண் கொட்டி அடைத்தது. காசர்கோட்டு மக்கள் காலங்காலமாக உயர் சிகிச்சைக்கு நம்பியிருந்தது மங்களூரை. தலப்பாடி எல்லையில் வண்டிகள் திருப்பி அனுப்பப்பட, சிகிச்சை கிடைக்காமல் நோயாளிகள் இறந்ததாக அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. ஏப்ரல் 1-இல் கேரள உயர் நீதிமன்றம் மருத்துவப் பயணத்துக்குத் தடையை அகற்ற மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குப் போய், மத்திய சுகாதாரத் துறைச் செயலாளர் தலைமையில் இரண்டு மாநிலங்களும் கூடிப் பேசி, நோயாளிகள் எல்லையைக் கடப்பதற்கான நடைமுறை ஏப்ரல் 7-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு வாரத்தில் எழுத முடிந்த நடைமுறையை மரணங்களுக்கு முன்பே எழுதியிருக்க முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை, இந்தப் பக்கம் நோயாளி என்ற காசர்கோட்டின் நிலைமைதான் காரைக்காலின் அன்றாட நிலைமை. பெருந்தொற்றில்லாத நாளிலும் அப்படித்தான்.

மறுப்புகளுக்குப் பதில்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை லேசானவை அல்ல. முதலாவது, எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது. நோயாளி இருக்கிறார் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால் மது கடத்துகிறவனும் போர்வை போர்த்திய ஒருவரைப் பின்சீட்டில் படுக்க வைப்பான். இந்தக் கவலை உண்மையானது. இந்த எல்லையில் கூடுதலாக உண்மை. ஆனால் இங்கே யாரையும் சோதிக்காமல் விடச் சொல்லவில்லை. சோதனையின் இடத்தை மாற்றத்தான் சொல்கிறோம். வண்டி எண்ணும் ஓட்டுநரின் கைபேசி எண்ணும் நேரமும் குறிக்கப்படட்டும். எந்த மருத்துவமனை என்று கேட்டு அங்குள்ள புறக்காவல் நிலையத்துக்கோ அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் போகட்டும். சந்தேகம் வலுத்தால் ஒரு காவலர் அதே வண்டியில் ஏறிக்கொள்ளட்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டில் அந்த நேரத்தில் அந்த நோயாளி இல்லையென்றால் முழு அபராதத்தோடு, அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்கு நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவிலும் வழக்குப் போடலாம். நிஜமான நோயாளிக்கு மருத்துவமனைச் சீட்டே சாட்சி. பொய்யருக்கு அந்தச் சீட்டு கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு: 108 இருக்கும்போது சொந்த வண்டியில் ஏன் பறக்க வேண்டும்? கொள்கையளவில் இது சரி. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் இருக்கிறார், வழிவிடச் சட்டம் இருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவை கணக்கற்ற உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அழைக்க முடிகிறவர்கள் முதலில் அதைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் நெடுங்காட்டுப் பக்கம் ஓர் உள்கிராமத்தில், நள்ளிரவில், வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாத நிலையில், பக்கத்து வீட்டுக் கார் வாசலில் நிற்கும்போது குடும்பம் அதில்தான் ஏற்றும். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கையில் இருக்கும் உதவியைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. சாலையில் நிறுத்திய காவலரால் அந்தக் குறையையும் ஈடுகட்ட முடியும்: அங்கேயே 108-ஐ அழைத்து, எதிரே வரும் ஆம்புலன்ஸை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டு, வழியில் ஓர் இடத்தில் நோயாளியை மாற்றச் செய்யலாம்.

மூன்றாவது, காவல் வண்டி முன்னால் போய் வழி எடுத்துக் கொடுக்கட்டும் என்று கேட்பவர்களுக்கான மறுப்பு. இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் பல காவல்துறைகள் தனியார் வண்டிக்கு முன்னால் சைரனோடு போவதை வெளிப்படையாகவே தடுத்து வைத்திருக்கின்றன. சைரன் கேட்டு ஒதுங்கும் மக்கள் முதல் வண்டி போனதும் மறுபடி சாலைக்கு வருவார்கள்; பின்னால் பறந்துவரும் இரண்டாவது வண்டியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரவு நேரச் சோதனைச்சாவடியில் இருக்கும் இரண்டு மூன்று பேரில் ஒருவர் வண்டியோடு போய்விட்டால் சாவடியும் காலியாகும். ஆகவே முன்வழிக் காவலை வழக்கமாக்க வேண்டியதில்லை. வயர்லெஸ்ஸில் அடுத்த சந்திப்புக்குச் சொல்லிவிடுவதே பெரும்பாலும் போதும். காவல்துறை மனம் வைத்தால் ஒரு சாலையை என்ன செய்ய முடியும் என்பதைச் சென்னை 2008 செப்டம்பரிலேயே பார்த்தது. மூளைச்சாவடைந்த ஒரு சிறுவனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை, நெரிசலான நகரின் குறுக்கே, போக்குவரத்துக் காவலர்கள் 11 நிமிடத்தில் கொண்டு சேர்த்தார்கள். அந்த வேகம் எந்த ஓட்டுநரின் சாகசத்தாலும் வந்ததல்ல. வழியில் நின்ற ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் வந்தது.

நான்காவது மறுப்பு எளிதில் தள்ள முடியாதது: ஓட்டுநர் குடித்திருந்தால்? நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 185-ஆம் பிரிவு பாயும். மது தாராளமாகப் புழங்கும் இந்த எல்லையில் இது கற்பனையல்ல. அவரை விடவே கூடாது. அவர் ஓட்டினால் நோயாளியோடு வழியில் போகிறவர்களும் சாகலாம். ஆனால் அவரைப் பிடிப்பதற்கும் நோயாளியைப் பிடித்துவைப்பதற்கும் இடையில் ஒரு பாதை உண்டு. காவல் வண்டியிலேயே நோயாளியை ஏற்றி அனுப்பலாம், வேறொருவரை ஓட்டச் சொல்லலாம், அடுத்து வரும் வண்டியை நிறுத்திக் கேட்கலாம். தண்டனையும் தாமதமும் வெவ்வேறு என்ற கொள்கை எங்கும் நிற்குமா என்பதற்கு இதுவே கடினமான சோதனை. இதிலும் அது நிற்கிறது.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டாம், காவலரின் மனிதாபிமானத்துக்கு விடுங்கள். மனிதாபிமானமுள்ள காவலர்கள் நிறையவே இருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகள் அவர்களால்தான் கடந்துபோகின்றன. ஆனால் எழுதப்படாத கருணை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. கட்சிக்காரரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவருக்கும், அதிகாரியின் எண்ணைக் கைபேசியில் வைத்திருப்பவருக்கும் அது சீக்கிரம் கிடைக்கும். பிஒய்-02 எண்ணைப் பார்த்தாலே மது வண்டி என்று சந்தேகப்படும் இடத்தில், கூலித் தொழிலாளியின் பழைய டூவீலரில் நடுவில் சாய்ந்திருக்கும் கிழவிக்கு அது கடைசியில்தான் கிடைக்கும். கருணை காட்டி விட்ட காவலருக்கும் பாதுகாப்பில்லை; அந்த வண்டியில் பிறகு சரக்கு இருந்தது தெரியவந்தால் அவர் மேல்தான் விசாரணை வரும். எழுதிவைத்த விதி இருவரையும் காக்கும். ஏழைக்கு அது உரிமையாகிறது; காவலருக்கு அது கவசமாகிறது.

செய்ய வேண்டியது

அந்த விதி எப்படி இருக்க வேண்டும்? காரைக்கால் மாவட்ட ஆட்சியரும் காவல்துறைத் தலைமையும், எல்லையைத் தொடும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் ஒப்பமிடும் ஒரு கூட்டு நடைமுறை போதும். புதிய சட்டம் வேண்டாம். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகவும் வேண்டாம். வண்டி நின்றதும் மூன்று கேள்விகள்: நோயாளி யார், என்ன ஆயிற்று, எந்த மருத்துவமனை. நோயாளி கண்ணுக்குத் தெரிந்தால் ஆவணச் சோதனை அங்கே கிடையாது. வண்டி எண்ணும் நேரமும் மட்டும் குறிப்பு. பிறகு நிலைமைக்கேற்ப மூன்றில் ஒன்று: நிதானமாகப் போகச் சொல்லி விடுவது, 108-க்கு அல்லது காவல் வண்டிக்கு மாற்றுவது, அடுத்த சாவடிக்கும் மருத்துவமனைக்கும் சொல்லிவிட்டு அனுப்புவது. ஒரு சாவடி விட்ட வண்டியை அடுத்த சாவடி மறுபடி நிறுத்தக் கூடாது. அந்தச் சாவடி வேறு மாநிலத்தின் சாவடியாக இருந்தாலும். அபராதம் உண்டென்றால் இ-சலானாகப் பின்னால் வரட்டும்; மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் அதைப் பரிசீலிக்க ஓர் அதிகாரி பெயர் குறிக்கப்பட்டிருக்கட்டும். சிறு குற்றத்துக்காகத் துரத்துவது எந்த நிலையிலும் வேண்டாம். ஒவ்வொரு சாவடியிலும் ஒருவருக்காவது மார்பழுத்த முதலுதவி தெரிந்திருக்கட்டும். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியின்போது திருநள்ளாற்றைச் சுற்றிச் சாலைகள் நிரம்பி வழிந்ததுபோன்ற நாட்களில் மருத்துவ வண்டிகளுக்கென ஒரு தடம் முன்கூட்டியே அறிவிக்கப்படட்டும். பொறையார், தரங்கம்பாடி, நாகூர் மக்களில் பலர் காரைக்கால் மருத்துவமனைகளை நம்பியிருப்பதால் இது காரைக்காலுக்கு மட்டும் செய்யும் சலுகையல்ல. இரண்டு பக்கத்து உயிர்களுக்கும் ஒரே ஒப்பந்தம்.

மக்கள் பக்கத்திலும் சில கடமைகள் உண்டு. முடிந்தவரை முதலில் 108. சொந்த வண்டிதான் என்றால் நோயாளியின் மகனோ கணவனோ அல்லாமல் கொஞ்சம் நிதானமுள்ள ஒருவர் ஓட்டட்டும். இன்னொருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும், மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யட்டும். காவலர் கைகாட்டினால் நில்லுங்கள். நிற்காமல் போன வண்டி கடத்தல் வண்டியாகத்தான் தெரியும். அதன்பின் உங்கள் நோயாளியின் நிலையைக் கேட்க யாருக்கும் வாய்ப்பிருக்காது. உள்விளக்கைப் போட்டு நோயாளியைக் காட்டுங்கள். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அபராதம் வந்தால் அதுதான் உங்கள் பதில்.

விதியை மீறிய ஓட்டுநரை நாளை கண்டுபிடிக்க அரசிடம் கேமரா இருக்கிறது, கணினி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இறந்துபோன நோயாளியை மீட்டுத்தர எதுவும் இல்லை. காத்திருக்கக் கூடிய வேலையைக் காத்திருக்க வைத்து, காத்திருக்க முடியாத உயிரை அனுப்பிவைப்பதுதான் நல்ல காவல். இந்த ஒரு பக்க நடைமுறையை எழுதி, இரண்டு மாநில அதிகாரிகளும் கையெழுத்திட்டு, ஒவ்வொரு சாவடியின் சுவரிலும் தமிழில் ஒட்ட வேண்டும். இன்னொரு மரணம் வந்து அதை எழுத வைக்கும்வரை காத்திருக்கக் கூடாது.